மொரீஷியஸ் போன்ற சிறு தீவு நாடு சேவை வணிக உடன்படிக்கைகளால் உண்மையில் பெறுவது என்ன?

கேள்வி: இளவேனில்

வணக்கம். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்கு மொரீஷியஸின் சேவை ஏற்றுமதியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ 12.5 லட்சம் மக்கள் வாழும் அந்தத் தீவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு சேவைத் துறைகளிலிருந்து வருகிறது. சர்க்கரையில் தொடங்கி ஆயத்த ஆடை, சுற்றுலா, நிதிச் சேவை, தகவல் தொழில்நுட்பம் என்று அந்நாடு நகர்ந்து வந்த வரலாறு இங்குள்ள பலரும் அறிந்ததே.

2021 ஜனவரி 1 அன்று சீனாவுடனான தடையற்ற வணிக உடன்படிக்கையும், அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று இந்தியாவுடனான விரிவான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் கூட்டாண்மை உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்தன. இந்தியா மட்டும் ஏறத்தாழ 95 சேவை உட்துறைகளைத் திறந்துவிட்டிருப்பதாக அரசு அறிக்கை கூறுகிறது. ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதி, போக்குவரத்து, தகவல் தொடர்பு, சுற்றுலா, நிதி, வணிகச் சேவைகள் ஆகிய ஐந்தை முன்னுரிமைத் துறைகளாக அறிவித்திருக்கிறது. இவற்றைப் படிக்கும்போது ஒரு தீவுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு அமையாது என்றே தோன்றுகிறது. ஆனால் தலைநகர் போர்ட் லூயிஸில் உள்ள பத்துப் பேர் கொண்ட ஒரு நிறுவனம் இந்த உடன்படிக்கையைக் காட்டி இந்தியாவிலோ கென்யாவிலோ ஒரு வாடிக்கையாளரைப் பெற முடியுமா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. எந்தத் துறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும், எதை ஒதுக்கிவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மரக்கலம்

முதலில் 95 என்ற எண்ணைச் சற்று ஓரமாக வைத்துவிடுங்கள். உட்துறைகளை எண்ணிச் சொல்வது பத்திரிகைக் குறிப்புக்கு அழகாக இருக்குமே தவிர, அதில் எவ்வளவு கதவு திறந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. 1995-இல் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் சேவை வணிகப் பொது ஒப்பந்தத்தின் அச்சில் வார்த்தவையே இன்றைய உடன்படிக்கைகள் பெரும்பாலானவை. அதன்படி ஒவ்வோர் உட்துறையும் நான்கு வழிகளாகப் பிரிகிறது: வழங்குபவரும் பெறுபவரும் தத்தம் நாட்டில் இருக்கச் சேவை மட்டும் எல்லை தாண்டுவது, வாடிக்கையாளர் வெளிநாடு சென்று நுகர்வது, வெளிநாட்டில் கிளை அல்லது துணை நிறுவனம் தொடங்குவது, பணியாளரே நேரில் சென்று பணிபுரிவது. இந்த நான்கு வழிகளுக்கும் எதிரே சந்தை நுழைவு, உள்நாட்டவருக்கு இணையான நடத்தை என்ற இரண்டு கட்டங்கள் உண்டு. ஆக, ஓர் உட்துறைக்கு எட்டுக் கட்டங்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் உறுதி அளித்து மற்ற ஏழிலும் எந்த உறுதியும் அளிக்காமல் விட்டாலும், அந்த உட்துறை "திறக்கப்பட்டது" என்ற கணக்கில் ஏறிவிடும்.

இரண்டாவது, ஒவ்வொரு நாடும் தான் தரும் உறுதிகளைப் பட்டியலிடும் அட்டவணையில் உறுதி இருந்தாலும் தொழில் செய்யும் உரிமம் வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கியலை எடுத்துக்கொள்வோம். மொரீஷியஸின் கணக்காளர்கள் பலர் பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ. தகுதி பெற்றவர்கள். அந்தத் தகுதிக்குப் பல நாடுகளில் மதிப்பு உண்டு. ஆனாலும் 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினராக இல்லாதவர் இந்திய நிறுவனமொன்றின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. சட்டத் தொழிலும் 2023-இல் விதிகள் தளரும் வரை அவ்வாறே இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் 2018-இல் வந்த தீர்ப்பு, வெளிநாட்டு வழக்கறிஞர் அவ்வப்போது வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூறலாம், இங்கே தொழில் நடத்த முடியாது என்று வரையறுத்தது. தொழில்முறைச் சேவைகள் என்ற தலைப்பு உடன்படிக்கையில் இருப்பதால் இவை எதுவும் தாமாக மாறிவிடுவதில்லை. தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை இரு நாட்டுத் தொழிற்கழகங்கள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். அமைச்சர்கள் கையெழுத்திடும் நாளைப் போல அந்த வேலைக்கு விழாவும் கிடையாது, கெடுவும் கிடையாது. அதனாலேயே அது இழுத்துக்கொண்டே போகும்.

எனவே ஒரே ஓர் உட்துறையைத் தேர்ந்து, அட்டவணையின் வரியிலிருந்து உரிமம், தகுதி, விசா, வரி, பணம் கைக்கு வருவது வரை பின்தொடர்ந்து பாருங்கள். எந்த இடத்தில் நூல் அறுகிறதோ அதுவே உங்கள் ஆய்வின் பொருள்.

பதில்: தென்கடல்

மொரீஷியஸின் எபென் நகரில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு எழுதித் தரும் நிறுவனமொன்றில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒரு முரணைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். எங்கள் தொழிலுக்குச் சோறு போடுவது பிரான்ஸ். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் மொரீஷியஸுக்கும் இடையே 2012 முதல் தற்காலிகமாகச் செயல்பட்டு வரும் இடைக்காலப் பொருளாதாரக் கூட்டாண்மை உடன்படிக்கை சரக்குகளைப் பற்றியது மட்டுமே. அதைச் சேவைகளுக்கும் விரிவாக்கும் பேச்சு 2019-இல்தான் தொடங்கியது. அதாவது உடன்படிக்கை இல்லாத இடத்தில் வணிகம் நடக்கிறது. உடன்படிக்கை உள்ள இடத்தில் வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருக்கிறது.

காரணங்கள் எளியவை. இங்கே படித்தவர்கள் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வேலை செய்வார்கள். பாரிஸில் காலை ஒன்பது மணி என்றால், ஐரோப்பியக் கோடையில் இங்கே பதினொன்று, ஐரோப்பியக் குளிர்காலத்தில் நண்பகல். எனவே யாரும் இரவு விழிக்க வேண்டியதில்லை. கடலடிக் கேபிள்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதால் ஒன்று பழுதானாலும் வேலை அடியோடு நிற்பதில்லை. தீவின் வணிகச் சட்டத்தில் பிரெஞ்சு மரபும் ஆங்கில மரபும் கலந்திருப்பதால் ஒப்பந்த வாசகங்கள் அவர்களுக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

நாங்கள் உண்மையில் முட்டிக்கொள்ளும் இடம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு. மொரீஷியஸின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஐரோப்பிய விதிமுறையை ஒட்டியே எழுதப்பட்டது. ஆயினும் தனக்கு இணையான பாதுகாப்பு உள்ள நாடு என்ற முடிவை ஐரோப்பிய ஆணையம் மொரீஷியஸுக்கு வழங்கவில்லை. ஆதலால் ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் ஆணையம் வகுத்த மாதிரி ஒப்பந்த விதிகளில் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். சர்வர் எங்கே இருக்கிறது, ஊதியப் பட்டியலை யார் யார் திறந்து பார்க்கலாம், வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் எப்போது முடக்கப்படும் என்ற கேள்விகள் அடங்கிய நீண்ட படிவத்தை ஒவ்வொரு முறையும் நிரப்புகிறோம். பெரிய நிறுவனத்துக்கு இதற்கென்று ஒரு பிரிவே இருக்கும். பத்துப் பேர் உள்ள நிறுவனத்தில் கணக்கு எழுதுபவரே இதையும் எழுத வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் போகும் அதிகாரிகள் என்னிடம் கேட்டால், புதிதாக இருபது உட்துறைகளைவிட அந்த ஒரே முடிவைப் பெற்று வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆணையம் தனித்து எடுக்கும் முடிவாகையால் அது எந்த வணிக உடன்படிக்கையின் அட்டவணையிலும் வராது என்பது வேறு விஷயம்.

பதில்: நடுவழி

மேலே இருவர் எழுதியதையும் ஏற்கிறேன். ஆனால் உடன்படிக்கையால் பயனே இல்லை என்ற முடிவுக்கு இளவேனில் அவசரப்பட்டு வந்துவிடக் கூடாது. எழுத்தில் உறுதி இல்லாத சலுகை அடுத்தவர் தயவில் நிற்பது. மொரீஷியஸே அதற்குச் சான்று. இந்தியாவுடனான இரட்டை வரி விலக்கு ஒப்பந்தத்தின் மூலதன ஆதாயச் சலுகையை, அதாவது பங்கு விற்ற லாபத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதை, நம்பி அதன் நிதி மையத்தின் பெரும் பகுதி வளர்ந்தது. 2016-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு அந்தச் சலுகை போயிற்று. பின்னர் 2020 பிப்ரவரியில் பணமோசடித் தடுப்புக்கான சர்வதேசக் குழுவான எஃப்.ஏ.டி.எஃப். அந்நாட்டைக் கூடுதல் கண்காணிப்புக்கு உரிய நாடுகளின் "சாம்பல் பட்டியலில்" சேர்த்தது. 2021 அக்டோபரில்தான் அதிலிருந்து வெளிவர முடிந்தது.

அதே வேளையில் எழுத்தில் உள்ள உறுதியும் எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு ஆன்டிகுவா வழக்கை அவசியம் படியுங்கள். ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் கொண்ட கரீபியத் தீவு நாடு அது. சுற்றுலாவுக்கு மாற்றாக இணையவழிப் பந்தயச் சேவையை வளர்த்தது. அமெரிக்கா அதைத் தடுத்ததும் 2003-இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. அமெரிக்கா தன் அட்டவணையில் "விளையாட்டு நீங்கலான பிற பொழுதுபோக்குச் சேவைகள்" என்று ஒரு வரி எழுதியிருந்தது. பந்தயம் அந்த வரிக்குள் வரும் என்று தான் ஒருபோதும் கருதவில்லை என அது வாதிட்டது. 2005-இல் மேல்முறையீட்டு அமைப்பு, அந்த வரி பந்தயத்தையும் உள்ளடக்கும் என்றே தீர்ப்பளித்தது. பொது ஒழுக்கத்தைக் காக்கத் தடை செய்தோம் என்ற வாதம் கொள்கையளவில் ஏற்கப்பட்டாலும், உள்நாட்டுக் குதிரைப் பந்தயத்தில் தொலைவிலிருந்து பணம் கட்ட அமெரிக்கச் சட்டமே இடம் தருவதாகத் தோன்றியதால் அந்த வாதம் முழுமையாக நிற்கவில்லை.

வென்ற பிறகு நடந்ததுதான் பாடம். ஆண்டுக்கு 340 கோடி டாலருக்கும் மேற்பட்ட எதிர் நடவடிக்கைக்கு ஆன்டிகுவா அனுமதி கேட்டது. 2007-இல் நடுவர்கள் 2.1 கோடி டாலர் என்று நிர்ணயித்தார்கள். இத்தனை சிறிய நாடு அமெரிக்கப் பொருள்களுக்கு வரி விதித்தால் விலையேற்றம் தன் மக்கள் தலையிலேயே விழும் என்பதால், அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளை அந்த அளவுக்கு மதிக்காமல் விடலாம் என்று அனுமதி கிடைத்தது. இதற்கிடையே அமெரிக்கா அந்தப் பந்தய உறுதியையே அட்டவணையிலிருந்து விலக்கிக்கொள்ளும் நடைமுறையைத் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியம் முதலான பெரிய கூட்டாளிகளுக்கு வேறு துறைகளில் ஈடு தந்தது. ஆனால் ஆன்டிகுவாவோடு உடன்பாடு எட்டப்படவில்லை. சட்டம் தீவின் பக்கம் இருந்தது; பேரம் பேசும் வலிமை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேவை உடன்படிக்கைகளில் பொதுவாக, ஒரு நாட்டில் பதிவாகி அங்கே உண்மையான வணிகச் செயல்பாடு நடத்தும் நிறுவனம், அதன் உரிமையாளர் மூன்றாம் நாட்டவராக இருந்தாலும், அந்நாட்டு நிறுவனமாகவே கருதப்படும். ஆகவே, பிரெஞ்சு அல்லது தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்று போர்ட் லூயிஸில் மெய்யாகவே ஆட்களை வைத்து வேலை செய்து, அங்கிருந்து மற்ற நாடுகளுக்குச் சேவை வழங்கலாம். பெயர்ப்பலகை மட்டும் உள்ள நிறுவனத்துக்கு இது பொருந்தாது. சிறு தீவுக்கு உடன்படிக்கைகளின் பெரிய பயன் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து.

தொடர் கேள்வி: இளவேனில்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆட்கள் நேரில் சென்று பணிபுரியும் நான்காவது வழியை ஒதுக்கிவிடலாமா? கரீபியத் தீவுகளுக்கு ஐரோப்பா அதில் தாராளமாக இடமளித்ததாகப் படித்தேன். மேலும், ஒரு உடன்படிக்கை எந்த அளவுக்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதை அளக்கப் புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்?

பதில்: மரக்கலம்

2008-இல் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, ஒப்பந்த அடிப்படையில் செல்லும் பணியாளர்களுக்கு 29 துறைகளையும், தனித்துத் தொழில் செய்வோருக்கு 11 துறைகளையும் திறந்தது. சமையற்கலைஞர், ஆடை அணிவகுப்பு மாடல் வரை அதில் இடம் பெற்றார்கள். அந்த வகையில் அது துணிச்சலான ஆவணமே. ஆனால் ஒப்பந்தப் பணியாளருக்குப் பொதுவாகப் பட்டமும் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லையா என்று சோதிக்கும் உரிமையை உறுப்பு நாடுகள் பல தம்மிடம் வைத்துக்கொண்டன. இவை அனைத்தையும் கடந்த பிறகும் விசா தனியே கேட்க வேண்டியதே. எனவே ஒதுக்க வேண்டாம், ஆனால் அதை ஆய்வின் நடுப்பகுதியாக வைக்கவும் வேண்டாம்.

சேவைக் கட்டணத்தின் மீதான வரியைப் பற்றி யாரும் இதுவரை எழுதவில்லை. நடுவழி குறிப்பிட்ட 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் மூலதன ஆதாயத்தோடு நிற்கவில்லை. தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் வரி விதிக்கும் உரிமையையும் இந்தியாவுக்குத் தந்தது. மொரீஷியஸ் நிறுவனம் 100 ரூபாய்க்குப் பில் போட்டால் இந்திய வாடிக்கையாளர் 10 ரூபாயைப் பிடித்தம் செய்து 90 அனுப்புவார். செலவு போக அந்த 100-இல் லாபம் 20 என்று கொள்வோம். தன் நாட்டில் 15 சதவீதத்தில் அதற்கு உரிய வரி 3 ரூபாய்தான். வெளிநாட்டில் கட்டிய வரிக்கான கழிவும் பொதுவாக உள்நாட்டு வரியைத் தாண்டாது என்பதால், மீதி 7 ரூபாய் கையை விட்டுப் போகும். லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். உடன்படிக்கை திறந்த கதவில் வரி ஒப்பந்தம் சுங்கச்சாவடி போட்டிருக்கிறது என்றே சொல்லலாம். இரண்டையும் சேர்த்துப் படிக்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். சரக்குக்கு அது எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் இருப்பதால், சலுகை வரியில் எவ்வளவு சென்றது என்று சுங்கத்துறைப் பதிவிலிருந்து கணக்கிட்டுவிடலாம். சேவைக்கு அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. சேவை எந்த உடன்படிக்கையின் பெயரில் சென்றது என்பதை, நாட்டின் வெளிநாட்டு வரவு செலவைக் காட்டும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கு பதிவு செய்வதில்லை. வெளிநாட்டில் தொடங்கிய கிளையின் விற்பனை அந்தக் கணக்கில் வருவதும் இல்லை. 2021-க்கு முன்னும் பின்னும் உள்ள ஏற்றுமதித் தொகையை ஒப்பிடலாமென்றால், 2019-இல் ஏறத்தாழ 13.8 லட்சமாக இருந்த சுற்றுலாப் பயணிகள் 2020-இல் மூன்று லட்சம் அளவுக்குச் சரிந்த அந்தப் பெருந்தொற்றுக் காலம் எல்லா ஒப்பீட்டையும் குலைத்துவிடும். ஆகவே நிறுவனங்களை நேரில் கேட்பதைத் தவிர வழியில்லை. கணக்கியல், மென்பொருள் என இரண்டு துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தியாவில் வாடிக்கையாளர் உள்ளவர்களையும், முயன்று கைவிட்டவர்களையும் தனித்தனியே சந்தியுங்கள். எந்தப் படிவத்தில், எந்த அலுவலகத்தில் வேலை நின்றது என்பதை இரண்டாமவர்களே தெளிவாகச் சொல்வார்கள்.