பேசினால் பதிவாகும் ஆப்: ஸ்பீச்ரெகக்னைசரில் எரர் 7, எரர் 8, ஆஃப்லைன் தமிழ்

கேள்வி: கிடங்கு_கோட்லின்

சரக்கு இருப்பு எடுக்கும் ஆண்ட்ராய்டு ஆப்பில் குரல் பதிவைச் சேர்க்கிறேன். ஆட்கள் கையுறையோடு வேலை செய்வதால் டைப் அடிக்க முடியாது. பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் தமிழில் சொன்னால் பட்டியலில் ஏற வேண்டும். மொத்தம் சுமார் 400 பொருள். நட், போல்ட், வால்வு, பேரிங் என்று முக்கால்வாசி ஆங்கிலப் பெயர்தான். கோட்லின், மினிமம் எஸ்டிகே 26 (ஆண்ட்ராய்டு 8), டார்கெட் 35 (ஆண்ட்ராய்டு 15). போனிலேயே இருக்கும், பேச்சை எழுத்தாக்கும் ஸ்பீச்ரெகக்னைசரைத்தான் பயன்படுத்துகிறேன். சிக்கல்கள்:

1. பேச்சறிதல் உண்டா என்று பார்க்கும் இஸ்ரெகக்னிஷன்அவைலபிள் சில போன்களில் ஃபால்ஸ் (இல்லை) தருகிறது. அதே போனில் கீபோர்டு மைக் ஒழுங்காக வேலை செய்கிறது.
2. ஆன்எரர் வந்ததும் ஸ்டார்ட்லிசனிங்கை மறுபடி கூப்பிட்டால் எரர் 8 விடாமல் வருகிறது.
3. எண்ணிக்கையைத் தனியாகக் கேட்கும் திரையில் "ஆறு", "ஏழு" என்று சொன்னால் அடிக்கடி எரர் 7.
4. கிடங்கின் உட்பகுதியில் சிக்னல் கிடையாது. ப்ரிஃபர்_ஆஃப்லைன் ட்ரூ கொடுத்தும் எரர் 2 (நெட்வொர்க் பிழை) வருகிறது. விஸ்பர் என்ற பேச்சறிதல் மாடலுக்கு மாறிவிடலாமா?

பிறகு ஐஓஎஸ் பதிப்பும் வரும்.

பதில்: லாக்கேட்_வாசி

முதல் இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஃபால்ஸ் தரும் போன்கள் எல்லாமே ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்கும், பாருங்கள். 11-லிருந்து ஒரு ஆப்புக்கு மற்ற ஆப்கள் தானாகக் கண்ணில் படாது. ஸ்பீச் சர்வீஸும் இன்னொரு ஆப்தான். ஆப்பின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் க்வெரீஸ் பகுதி சேர்த்து, அதற்குள் ஒரு இன்டென்ட், அதன் ஆக்‌ஷனாக ஆண்ட்ராய்ட்.ஸ்பீச்.ரெகக்னிஷன்சர்வீஸ் என்று எழுதுங்கள். க்வெரீஸ் வர வேண்டிய இடம் அப்ளிகேஷன் டேகுக்கு வெளியே. உள்ளே வைத்தால் பலன் இல்லை. ரெகார்டு_ஆடியோ பெர்மிஷனை மேனிஃபெஸ்டில் போட்டால் மட்டும் போதாது, ரன்டைமிலும் கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் எரர் 9.

எரர் 8 என்றால் முந்தைய அமர்வு இன்னும் முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, ஆன்எண்ட்ஆஃப்ஸ்பீச் வந்தவுடன் மறுபடி தொடங்குவது. பேச்சு நின்றது என்பதைத்தான் அது சொல்கிறது. ஆன்ரிசல்ட்ஸ் அல்லது ஆன்எரர் வரும்வரை அமர்வு உயிரோடுதான் இருக்கும். இரண்டு, ஒவ்வொரு திரையிலும் புது ஆப்ஜெக்ட் உருவாக்கிவிட்டு பழையதை டெஸ்ட்ராய் செய்யாமல் விடுவது. திரை திரும்பும்போது ஆக்டிவிட்டி மறுபடி உருவாகுமே, அங்கேதான் இது அதிகம் நடக்கும்.

ஒரே ஆப்ஜெக்ட் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா, கேட்கிறது, முடிவுக்குக் காத்திருக்கிறது என்று மூன்று நிலை. சும்மா என்ற நிலையில் மட்டுமே ஸ்டார்ட்லிசனிங். ஆன்எரர் வந்தால் கேன்சல் செய்து, சுமார் 300 மில்லிசெகண்ட் விட்டு, பிறகு தொடங்குங்கள். ஒரே அமர்வுக்கு ஆன்எரர் இரண்டு முறை வந்தாலும் இந்த நிலைச் சரிபார்ப்பு அதைத் தடுத்துவிடும். ஆன்ஸ்டாப்பில் கேன்சல், ஆன்டெஸ்ட்ராயில் டெஸ்ட்ராய். எல்லா அழைப்பும் மெயின் த்ரெட்டிலிருந்தே போக வேண்டும். கோரூட்டீனில் ஐஓ டிஸ்பாட்சரிலிருந்து கூப்பிட்டால் எக்ஸெப்ஷன்.

எல்லா எரருக்கும் திரும்ப முயல்வதும் தவறு. 6 (யாரும் பேசவில்லை), 7 (ஏதோ கேட்டது, பொருந்தவில்லை) இரண்டுக்கும் திரும்பக் கேட்கலாம். 9, 12, 13 வந்தால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் திரையில் காட்டுங்கள். 12 என்றால் மொழிக்கு ஆதரவே இல்லை. 13 என்றால் ஆதரவு உண்டு, ஆனால் இப்போது கைவசம் இல்லை, மாடல் இறங்காமல் இருக்கலாம்.

மைக்கை எப்போதும் திறந்தே வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். தொடர்ந்து கேட்பதற்கான ஏபிஐ அல்ல இது என்று ஆண்ட்ராய்டு ஆவணமே சொல்கிறது. ஒலியைக் குறைக்கும் பட்டனை அழுத்திப் பேச வைத்தால் கையுறையோடும் வேலை நடக்கும்.

பதில்: மோனோ16

மூன்றாவது சிக்கல் திரை வடிவமைப்பில் இருக்கிறது, எஞ்சினில் இல்லை. "ஆறு" என்பது அரை செகண்ட்கூட வராத சொல். முன்னும் பின்னும் சொல் இல்லாததால் மொழி மாடலுக்குப் பிடிமானமே கிடைக்காது. எண்ணிக்கைத் திரையை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள்: "பித்தளை வால்வு எண்ணிக்கை ஆறு".

நடுவில் "எண்ணிக்கை" என்ற சொல் கட்டாயம் வேண்டும். ஏன் என்றால், பேரிங்குக்கு 6202 என்று நம்பர் இருக்கிறது. "பேரிங் 6202" என்று சொல்லி உடனே "12" என்றால் முடிவு "620212" என்றோ "62 02 12" என்றோ வரலாம். எது பொருள், எது எண்ணிக்கை என்று எந்த ரெஜெக்ஸாலும் பிரிக்க முடியாது. நடுவில் பிரிப்புச் சொல் இருந்தால், அதன் இடப்பக்கத்தில் இடைவெளிகளை நீக்கி பட்டியலோடு ஒப்பிடலாம். வலப்பக்கம் எண் மட்டும்தான்.

மொழிக் குறியீட்டில் ஒரு பொறி. லோகேல் ஆப்ஜெக்டை டூஸ்ட்ரிங் செய்தால் நடுவில் அடிக்கோடு வரும். எக்ஸ்ட்ரா_லாங்குவேஜ் எதிர்பார்ப்பது சிறுகோடு. அதற்கு டூலாங்குவேஜ்டேக் பயன்படுத்துங்கள். தவறான குறியீடு கொடுத்தால் சில எஞ்சின்கள் எரர் தராமலே போனின் இயல்பு மொழிக்குத் தாவிவிடும். "தமிழ் சொன்னேன், ஆங்கிலம் வருகிறது" என்ற புகாருக்கு இதை முதலில் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். வரும் எழுத்தை அப்படியே நம்பாதீர்கள்; உங்கள் 400 பெயர்களோடு பொருத்திய பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். "வால்வு" என்று சொன்னால் "வாழ்வு" என்று வரலாம், "நட்" என்பது "நட்பு" ஆகலாம். மாடல் படித்த எழுத்தில் வாழ்வும் நட்பும்தான் அதிகம், அது தன் வேலையைச் செய்கிறது. நான் பரிந்துரைக்கும் வரிசை:

முதலில் என்எஃப்சி நார்மலைசேஷன், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு யூனிகோட் வடிவங்களை ஒன்றாக்குவது. "போல்ட்" என்பதில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஸ்ட்ரிங் ஒப்பீட்டில் தோற்கும். கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இணைப்பான்களையும் நீக்குங்கள்.

அடுத்து ஒலி மடிப்பு. ல, ள, ழ மூன்றையும் ல ஆக்குங்கள், ந, ன, ண மூன்றையும் ன, ர, ற இரண்டையும் ர, நெடிலைக் குறிலாக்குங்கள். இரண்டு பக்கமும் இதைச் செய்தால் வால்வும் வாழ்வும் ஒன்றாகிவிடும். மடித்த பிறகு லெவன்ஷ்டீன் தூரம் (ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்து மாற்ற வேண்டும் என்ற கணக்கு) எடுத்து, சொல் நீளத்தில் கால்வாசிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிராகரியுங்கள். முதல் இரண்டு பொருள்களின் மதிப்பெண் நெருக்கமாக இருந்தால் இரண்டையும் பெரிய எழுத்தில் காட்டித் தேர்வு கேளுங்கள்.

எக்ஸ்ட்ரா_மேக்ஸ்_ரிசல்ட்ஸ் 5 வைத்து, ஐந்து முடிவையும் பொருத்திப் பாருங்கள். சரியான சொல் மூன்றாவது இடத்தில் கிடப்பது சாதாரணம். கான்ஃபிடன்ஸ் ஸ்கோரை நம்பி முடிவெடுக்க வேண்டாம்; கைவசம் இல்லாதபோது அது -1 என்றுதான் வரும். ஆண்ட்ராய்டு 13 முதல் எக்ஸ்ட்ரா_பயசிங்_ஸ்ட்ரிங்ஸில் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கலாம். எஞ்சின் மதித்தால் லாபம், மதிக்காவிட்டால் நஷ்டமில்லை.

ஆங்கிலப் பெயர்கள் தமிழ் எழுத்திலும் வரும், ரோமன் எழுத்திலும் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றுப்பெயர்கள் வையுங்கள்: பேரிங், பியரிங், ரோமன் வடிவம். எண்ணுக்கும் இதே கதை. "12" என்றும் வரும், "பன்னிரண்டு", "பன்னெண்டு" என்றும் வரும். அஞ்சு, ஒம்பது, இருவது, நூத்தி இருவது போன்ற பேச்சு வடிவங்கள் அட்டவணையில் இல்லாவிட்டால் பாதிப் பதிவு விழும். இரைச்சலில் எழுபதும் எண்பதும் குழம்பும். ஆகவே எண்ணைப் பெரிதாகக் காட்டி, டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்சில் திரும்ப வாசித்த பிறகே சேமியுங்கள். ஆனால் வாசித்து முடியும்வரை மைக் திறக்கக் கூடாது. திறந்தால் ஆப் தன் குரலைத் தானே பதிவு செய்யும்.

பதில்: குவாண்ட்5

ஆஃப்லைன் பற்றி. ப்ரிஃபர்_ஆஃப்லைன் ஒரு விருப்பம் மட்டுமே, உத்தரவாதம் இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் கிரியேட்ஆன்டிவைஸ்ஸ்பீச்ரெகக்னைசர் உண்டு. அதற்கு முன் இஸ்ஆன்டிவைஸ்ரெகக்னிஷன்அவைலபிள் பாருங்கள், இல்லாத போனில் எக்ஸெப்ஷன் எறியும். ஆண்ட்ராய்டு 13-ல் செக்ரெகக்னிஷன்சப்போர்ட் வந்தது. எந்த மொழி ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, எது இறக்கினால் கிடைக்கும், எது ஆன்லைனில் மட்டும் என்று பிரித்துச் சொல்லும். தமிழ் "இறக்கினால் கிடைக்கும்" பட்டியலில் இருந்தால் ட்ரிகர்மாடல்டவுன்லோடு கூப்பிடுங்கள், வைஃபை இருக்கும் அலுவலகத்திலேயே, கிடங்குக்குள் போவதற்கு முன்.

எஸ்டிகே 26 முதல் 30 வரையுள்ள (ஆண்ட்ராய்டு 8 முதல் 11) போன்களுக்கு இந்த வழி இல்லை. சொந்த எஞ்சின் அல்லது கை டைப்பிங்.

விஸ்பர்: ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது, தமிழ் உண்டு. போனில் ஓட்ட அதன் சி++ வடிவமான விஸ்பர்.சிபிபி. டைனி மாடல் 75 எம்பி, பேஸ் 142, ஸ்மால் 466. ஓடும்போது ஸ்மாலுக்குச் சுமார் 850 எம்பி ரேம் வேண்டும். தமிழுக்கு டைனியும் பேஸும் நம்பும்படி இல்லை; ஸ்மாலிலிருந்துதான் பேச்சே. மாடலின் எண்களை ஐந்து பிட்டுக்குச் சுருக்கினால் (குவாண்டைஸ்) கோப்பு 180 எம்பி அளவுக்குச் சுருங்கும்.

கவனிக்க வேண்டியவை. விஸ்பர் எப்போதும் 30 செகண்ட் சன்னலாகவே கேட்கிறது. நீங்கள் 2 செகண்ட் பேசினாலும் மீதியை மௌனத்தால் நிரப்பி ஒலியைப் படிக்கும் முழு என்கோடரையும் ஓட்டும். ஆடியோ_சிடிஎக்ஸ் என்ற அளவைக் குறைத்தால் வேகம் கூடும்: 30 செகண்டுக்கு 1500, அதாவது செகண்டுக்கு 50. 10 செகண்டுக்கு 512 வைக்கலாம். அதற்கும் கீழே போனால் சொற்களைத் திரும்பத் திரும்ப உளறத் தொடங்கும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-ல் 3 பைட். டோக்கனைசர் அதை நிறையத் துண்டுகளாக்குவதால் (ஒவ்வொரு துண்டும் ஒரு டோக்கன்) அதே நீள ஆங்கிலத்தைவிட, எழுத்தை உருவாக்கும் டிகோடர் மெதுவாகவே ஓடும். இதே காரணத்தால் மாடலுக்கு முன்குறிப்பாகத் தரும் ஆரம்ப ப்ராம்ப்டில் 400 பெயரையும் திணிக்க முடியாது. அதன் எல்லை 224 டோக்கன். அந்த அலமாரியில் இருக்கும் பொருள்களை மட்டும் கொடுங்கள்.

மௌனத்தைக் கொடுத்தால் இல்லாத வாக்கியத்தை எழுதும். ஆகவே முன்னால் பேச்சைக் கண்டறியும் விஏடி கட்டாயம், சைலெரோ போதும். விஏடி விழிப்பதற்குள் முதல் அசை போய்விடும், "வால்வு" என்பது "ல்வு" ஆகும். கடைசி 300 மில்லிசெகண்டை ரிங் பஃபரில் (பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும் நினைவிடம்) வைத்து முன்னால் ஒட்டுங்கள். மொழியை ஆட்டோவில் விடாமல் தமிழ் என்று நிலையாக வையுங்கள். முந்தைய பேச்சின் எழுத்தைத் துணைக்கு எடுக்காமலிருக்க நோ_கான்டெக்ஸ்ட் ட்ரூ.

ஆடியோரெகார்டு (மைக் ஒலியைப் பதியும் பகுதி): 16,000 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட், சோர்ஸ் வாய்ஸ்_ரெகக்னிஷன். செகண்டுக்கு 32,000 பைட். ஃப்ளோட்டாக்க 32768-ஆல் வகுக்கவும். 44,100-ல் பதிந்ததை மாற்றாமல் கொடுத்தால் குரல் இழுவையாகி எல்லாமே குப்பையாக வரும்.

நேட்டிவ் லைப்ரரியை டீபக் பில்டில் ஓட்டி "மெதுவாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள், ரிலீஸில் பாருங்கள். டார்கெட் 35 என்றீர்கள்: 2025 நவம்பர் முதல் ப்ளே ஸ்டோர் 16 கேபி மெமரி பேஜ் அளவுக்கு ஏற்ற எஸ்ஓ (நேட்டிவ் லைப்ரரி) கோப்புகளைக் கேட்கிறது. அவற்றைக் கட்டும் கருவியான என்டிகேயின் ஆர்28-ல் இது இயல்பாகவே வரும். பழைய என்டிகே என்றால் லிங்கர் ஃப்ளாக் சேர்க்க வேண்டும்.

என் கருத்து: 400 சொல்லுக்கு விஸ்பர் அதிகப்படி. ஒலியை நேரடியாக எழுத்தோடு பொருத்தும் சிடிசி வகை சிறிய மாடல் 30 செகண்ட் நிரப்பும் வேலையைச் செய்யாது, மௌனத்தில் கதையும் விடாது. ஏஐ4பாரத்தின் இண்டிக்கன்ஃபார்மரில் தமிழ் இருக்கிறது. ஓஎன்என்எக்ஸ் என்ற பொது மாடல் வடிவமாக்கி ஓட்டிப் பாருங்கள். மோனோ16 சொன்ன பொருத்தும் பகுதி எந்த எஞ்சினுக்கும் அப்படியே உதவும், அதை முதலில் எழுதுங்கள்.

கிடங்கு_கோட்லின்

க்வெரீஸ் சேர்த்ததும் ட்ரூ வருகிறது, நன்றி. ப்ளூடூத் ஹெட்செட் கொடுத்தால் சத்தம் குறையுமா? ஐஓஎஸ்-இல் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மோனோ16

மைக் வாய்க்கு அருகில் வருவதால் குறையும். ஆனால் ஹெட்செட் இணைந்திருப்பதாலேயே அதன் மைக் எடுக்கப்படாது; பாட்டு கேட்கும் இணைப்பில் மைக்கே கிடையாது. ஆண்ட்ராய்டு 12 முதல் செட்கம்யூனிகேஷன்டிவைஸ் மூலம் அதைத் தேர்ந்தெடுத்து, மாறியது உறுதியான பிறகே பதிவைத் தொடங்குங்கள். மலிவான ஹெட்செட்கள் 8,000 ஹெர்ட்ஸ்தான் தரும். ச, ஷ, ஸ வேறுபாடு அதில் அழிந்துவிடும். அகலப்பட்டைக் குரல் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள், அல்லது கம்பி மைக்.

ஐஓஎஸ்: இன்ஃபோ.பிலிஸ்டில் மைக்குக்கு ஒன்று, பேச்சறிதலுக்கு ஒன்று என இரண்டு விளக்கமும் வேண்டும். ஒன்று விட்டாலும் அனுமதி கேட்கும் இடத்தில் ஆப் விழும். எஸ்எஃப்ஸ்பீச்ரெகக்னைசரின் சப்போர்ட்டட்லோகேல்ஸில் தமிழ் வருகிறதா, சப்போர்ட்ஸ்ஆன்டிவைஸ்ரெகக்னிஷன் ட்ரூவா என்று நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய ஐபோனிலேயே பாருங்கள். இல்லை என்றால் அங்கும் சொந்த மாடல்தான். சர்வர் வழி என்றால் ஒரு கோரிக்கைக்கு ஒரு நிமிடம் எல்லை. பொருள் பெயர்களை கான்டெக்ஸ்சுவல்ஸ்ட்ரிங்ஸில் கொடுக்கலாம், 100-க்குள் வையுங்கள். மைக் ஒலியை எடுக்கும் டேப் போடும்போது ஃபார்மேட்டை நீங்களாக 16,000 என்று எழுதாதீர்கள், இன்புட்நோடின் ஃபார்மேட்டையே எடுத்துப் பிறகு ஏவிஆடியோகன்வர்ட்டரால் மாற்றுங்கள். பழைய டேப்பை நீக்காமல் இரண்டாவது டேப் போட்டாலும் கிராஷ்தான்.