சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இறங்கினா ஓட்டலுக்கு எதுல போறது? (குடும்பக் குழு)

கவிதா: அண்ணா, வெள்ளிக்கிழமை ராத்திரி 10:50-க்கு சாங்கி டெர்மினல் 3-ல இறங்குறோம். நான், அவர், அத்தை, நிலா, குட்டி. பெரிய பெட்டி 3, சின்னது 2, ஸ்ட்ரோலர் 1. சிராங்கூன் ரோடு ஓட்டலுக்கு ஒரு கிராப் (ஆப்ல கூப்பிடுற கார்) போட்டா போதும்ல?

செந்தில்: முதல்ல தலையை எண்ணும்மா. 5 பேர். சாதாரண டாக்சி, கார் எதுலயும் 4 பேர்தான்.

கவிதா: குட்டிக்கு 10 மாசம்தான், மடியில இருப்பான்.

செந்தில்: மடியில இருந்தாலும் கிராப்ல ஒரு ஆளாத்தான் கணக்கு. அஞ்சாவது ஆளை ஏத்த டிரைவர் ஒத்துக்க மாட்டார்.

ரம்யா அண்ணி: சீட் விஷயம் அதைவிடப் பெருசு கவி. சிங்கப்பூர்ல 1.35 மீட்டருக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க கார்ல போனா சைல்டு சீட்டோ பூஸ்டரோ (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கிற சீட்) வேணும். டாக்சிக்கு மட்டும் விலக்கு. ஆப்ல வர்ற தனியார் காருக்கு விலக்கு கிடையாது. கிராப்ல ஜஸ்ட்கிராப்ங்கிற வகையைப் போட்டா டாக்சி, தனியார் கார் ரெண்டுல எது வேணா வரும். தனியார் கார் வந்துட்டா, பிள்ளைங்களைப் பார்த்ததும் டிரைவர் கேன்சல் பண்ணிடுவார். அபராதம் அவருக்குத்தானே.

கவிதா: வர்றது டாக்சியான்னு எப்படித் தெரியும்?

ரம்யா அண்ணி: நம்பர் பிளேட் எஸ்எச்-ல ஆரம்பிச்சா டாக்சி.

பிரபு: கிராப் ஃபேமிலி இருக்கே, சீட்டோடவே வருமே?

செந்தில்: அது ஒரு வயசுலேருந்து ஏழு வயசு வரைக்கும்தான்டா. நிலாவுக்குச் சரி, குட்டிக்கு ஆகாது. வண்டிங்களும் கம்மி, அந்த நேரத்துல கிடைக்கும்னு நம்பி இருக்க முடியாது.

அப்பா: எம்ஆர்டி மெட்ரோ ரயில்ல போனா காசு மிச்சம்தானே?

செந்தில்: பகல்லன்னா சரிப்பா. எக்ஸ்போ ஸ்டேஷன்ல டவுன்டவுன் லைனுக்கு மாறினா ஒரே மாத்தல்ல நேரா லிட்டில் இந்தியா ஸ்டேஷன், சிராங்கூன் ரோடு பக்கம்தான். ஸ்டேஷன் நிறைய, ஆனா லிஃப்ட் உண்டு, ஸ்ட்ரோலரை மடிக்க வேணாம். 90 செ.மீ-க்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது. பெரியவங்க விசா, மாஸ்டர் கார்டைத் தட்டிட்டே போலாம், ஆளுக்கொரு கார்டு வேணும். ஆனா இவங்க இமிக்ரேஷன் முடிச்சு பெட்டி எடுத்து வெளிய வர்றதுக்குள்ள 11:30 ஆயிடும். அந்த நேரத்துல லிட்டில் இந்தியா வரைக்கும் ரயில் கிடைக்கிறது சந்தேகம்.

கவிதா: அப்ப என்னதான் பண்றது?

செந்தில்: டாக்சி ஸ்டாண்டு வரிசைக்குப் போ. அங்க நிக்கிற ஊழியர்கிட்ட 5 பேர், 3 பெரிய பெட்டின்னு சொல்லு, மேக்ஸி கேப் (பெரிய டாக்சி) இருந்தா கூப்பிடுவார். அதுக்கு விலை தனி, ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோ. இல்லேன்னா ரெண்டு டாக்சியாப் பிரிஞ்சுக்கோங்க. ஒண்ணு சுமார் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், ஏர்போர்ட் சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம், 6 முதல் 8 வெள்ளி அதுல சேர்த்தி. ரெண்டும் சேர்ந்தா மேக்ஸி கேப் விலைக்குப் பக்கத்துல வரும், பெட்டியும் நிம்மதியா அடங்கும். எனக்கு ரெண்டு டாக்சிதான் பிடிக்கும். ஹைப்ரிட் டாக்சி டிக்கியில ரெண்டு பெரிய பெட்டி வெச்சா ஸ்ட்ரோலருக்கு இடம் இருக்காது. 12 மணிக்கு மேல ஏறினா மீட்டர்ல பாதி கூட ஏறும், அதனால வழியில கடையைப் பார்த்து நிக்காதீங்க 😄

ரம்யா அண்ணி: டயப்பர் மட்டும் அரைவல் ஹால்லயே மாத்திடு.

பிரபு: டாக்சின்னா சீட்டே வேணாம்னு அர்த்தமா?

ரம்யா அண்ணி: சட்டம் விடுது, அவ்வளவுதான். திடீர் பிரேக் போட்டா மடியில இருக்கிற பிள்ளையைக் கையால பிடிக்க முடியாது. ஒரே பெல்ட்டை உன்னையும் குட்டியையும் சேர்த்துப் போட்டுடாத கவி, உன் எடை முழுக்க அவன் மேல விழும். பேபி கேரியர்ல மார்போட கட்டிக்கிறதும் பாதுகாப்புக் கணக்குல வராது. குட்டிக்கு உங்க இன்ஃபன்ட் சீட்டையே கொண்டு வா. நிறைய விமானத்துல ஸ்ட்ரோலரோ கார் சீட்டோ ஒண்ணு இலவசம். ஒண்ணுதானா ரெண்டுமான்னு ஏர்லைன்ல கேட்டுக்கோ.

கவிதா: பெல்ட்டுலயே மாட்ட முடியுமா அண்ணி? டாக்சியில ஐசோஃபிக்ஸ் (சைல்டு சீட்டை மாட்டுற கொக்கி) இருக்குமான்னு தெரியலையே.

ரம்யா அண்ணி: பெல்ட்லயே மாட்டிப் பழகிட்டு வா. பின் சீட்ல, இடது பக்கம், முகம் பின்னாடி பார்த்த மாதிரி. இடது பக்கம்தான் நடைபாதை ஓரம், இறங்கவும் வசதி. இடுப்பு பெல்ட்டைச் சீட்ல நீலக் குறி போட்ட வழியில விட்டு, தோள் பெல்ட்டைச் சீட்டோட முதுகைச் சுத்திக் கொண்டு வரணும். உங்க சீட்ல குறி வேற மாதிரி இருந்தா அதுபடி. சில வண்டியில பெல்ட் நீளம் பத்தாது. பெட்டியை ஏத்துறதுக்கு முன்னாடியே மாட்டிப் பாரு, பத்தலேன்னா அடுத்த வண்டி கேளு. முன் சீட்ல மட்டும் வெச்சுடாத, ஏர்பேக் இருக்கும்.

கவிதா: நிலாவுக்கு? 17 கிலோ, 102 செ.மீ.

ரம்யா அண்ணி: 15 கிலோவுலேருந்து 36 கிலோ வரைக்கும்னு போட்டிருக்கிற மடக்குற பூஸ்டர் போதும், பையில அடங்கிடும். அது இல்லேன்னா தோள் பெல்ட் கழுத்துல உரசும், பிள்ளை அதை முதுகுப் பக்கம் தள்ளிடும். அப்புறம் வயித்துல மட்டும்தான் பெல்ட் நிக்கும்.

செந்தில்: கிராப் ஆப்பையும் ஊர்லயே போன்ல போட்டு, நம்பரைச் சரிபார்த்து வெச்சுக்கோ. இங்க வந்து ஓடிபி வரலேன்னா தவிக்கணும். புக் பண்றதா இருந்தா பெட்டி கைக்கு வந்த பிறகுதான், ரொம்பக் காக்க வெச்சா காத்திருப்புக் கட்டணம் போடுவாங்க. டெர்மினல் 3-ல கிராப் ஏறுற இடம் பேஸ்மென்ட் 1, டாக்சி ஸ்டாண்டு வேற தளம். குழம்பிட்டு ஏறி இறங்காதீங்க.

கவிதா: சரிண்ணா, ரெண்டு டாக்சி. அவரும் நிலாவும் ஒண்ணுல, நானும் அத்தையும் குட்டியும் ஒண்ணுல.

செந்தில்: ஓட்டலோட ஆறு இலக்க போஸ்டல் கோடை ரெண்டு பேர் போன்லயும் எழுதி வெச்சுக்கோங்க. அதைச் சொன்னா டிரைவர் நேரா வாசல்லயே விட்டுடுவார்.