நண்பனோடு தேயிலை ருசி பார்க்கப் போனபோது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தேயிலை ருசி பார்க்கும் அறைக்குள் போனதே கிடையாது. ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், வேலை செய்தவர்கள்கூட ரோலர், அடுப்பு, சல்லடை என்று தங்கள் இடத்தோடு நின்றுவிடுவார்கள். கோப்பைகளை வரிசையாக வைத்து உறிஞ்சிப் பார்க்கும் மேசை தோட்டத்து மேலாளரான துரைக்கும், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்கும் உரியது. என் அம்மா தலவாக்கலைப் பக்கத்தில் காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கொடுத்ததோடு அந்தக் கொழுந்துக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிடும். வீட்டில் நாங்கள் குடித்தது தோட்டத்தில் கொடுக்கும் தூளில் போட்ட சாயத்தண்ணி.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த மட்டக்களப்பு நண்பன். "மச்சான், வெளிநாட்டில வைன் ருசி பாக்கிறதுக்கெண்டே தோட்டம் தோட்டமாப் போறாங்கள். உங்கட ஊர் முழுக்கத் தேயிலை. நீ ஒருக்காவாவது ஒழுங்காக் குடிச்சுப் பாத்திருக்கியா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. சரி, கிளம்புவோம் என்று கிளம்பிவிட்டோம்.

முதலில் கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் அது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில், இலங்கையில் முதன்முதலாக விற்பனைக்கென்று தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களை அங்கே பார்க்கலாம். அடுத்து லபுக்கலைத் தோட்டத்து ஸ்டோர். நுவரெலியா பாதையில் போகிறவர்கள் எல்லோரும் இறங்கும் இடம் என்பதால் கூட்டம் தாங்காது. மலையைப் பார்த்துக்கொண்டு தேநீரும் சொக்லட் கேக்கும் சாப்பிட அருமையான இடம். ஆனால் தேயிலையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், இயந்திரம் ஓடுகிற, பஸ் கூட்டம் வராத ஸ்டோராகத் தேட வேண்டும்.

நுவரெலியாவுக்கு மேலே அப்படி ஒன்று கிடைத்தது. டீமேக்கர் தமிழர். "ருசி பாக்கவா வந்தீங்க? அப்ப சீனி கேட்கக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நீளமான மேசை. ஒவ்வொரு வகைத் தூளுக்கும் முன்னால் மூடி போட்ட ஒரு வெள்ளைக் குவளை, ஒரு வெள்ளைக் கிண்ணம். சின்னத் தராசில் தூளை நிறுத்துப் போட்டார். சர்வதேச முறைப்படி 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும். ஆறி மறுபடி சூடாக்கிய தண்ணீரை அவர் தொடவே இல்லை. நேரம் ஆனதும் மூடியோடு குவளையைக் கிண்ணத்தின் மேல் சரித்து வைத்தார். சாயம் கிண்ணத்தில் இறங்கியது. பிறகு குவளையைத் தட்டி, வெந்த இலையை மூடியின் மேல் கவிழ்த்தார்.

அவர் முதலில் பார்த்தது அந்த இலையைத்தான். புதுச் செப்புக் காசு போல மினுங்கினால் பதம் சரி. பச்சை தட்டினால் நொதிக்க விட்ட நேரம் போதாது. கருத்துப் போயிருந்தால் கூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் கரண்டியை எடுத்தார். எங்கள் வீடுகளில் சத்தம் போட்டுக் குடித்தால் திட்டு விழும். இங்கே சத்தம் வராவிட்டால் தப்பு! காற்றோடு சேர்த்து வேகமாக இழுத்தால்தான் மணம் மூக்கின் பின்பக்கம் வரை ஏறும். நாக்கின் ஓரத்தில் ஒரு சுறுக்கு, கன்னத்தின் உள்ளே ஒரு இறுக்கம், பிறகு துப்பிவிட வேண்டும். நண்பனுக்குத் துப்ப மனமில்லை, எல்லாவற்றையும் குடித்துவிட்டு அன்று இரவு தூங்காமல் கிடந்தான்.

டஸ்ட் என்ற பொடித் தூள் என்றால் கழிவு, கூட்டி அள்ளியது என்றுதான் இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன். டீமேக்கர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பிஓபி (BOP), பிஓபிஎப் (BOPF), டஸ்ட் எல்லாம் சல்லடை பிரிக்கும் துகள் அளவின் பெயர்கள்தான். ஒரே நாள் கொழுந்து, ஒரே ரோலரில் அரைத்தது. சின்னத் துகளில் சாயம் சீக்கிரம் இறங்கும், கடுப்பும் கூடும். நல்ல மலையின் டஸ்ட், மோசமான மலையின் பெரிய இலையை விட எவ்வளவோ மேல் என்று சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்தே காட்டினார். உண்மைதான்.

பேசிக்கொண்டிருந்ததில் ஒரு கிண்ணம் ஆறிப்போய் பால் கலந்தது போல மங்கிவிட்டது. "பழுதாப் போச்சு" என்றான் நண்பன். "இல்ல தம்பி, சத்துள்ள தேயிலைதான் ஆறினா இப்பிடித் திரையும். தண்ணியா இருக்கிறது ஆறினாலும் தெளிவாத்தான் இருக்கும்" என்றார் அவர். இப்போது வீட்டில் மிச்சம் வைத்த பிளேன்டீயையும் நான் எட்டிப் பார்க்கிறேன்.

அங்கிருந்து மலையின் கிழக்குப் பக்கத்து ஊவா மாகாணம். வெலிமடை, பண்டாரவளை வழியாக அப்புத்தளை. தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்ன ஸ்டோர் இன்னும் அந்த மலையில் நிற்கிறது. ஆகஸ்ட் மாதம், காற்று ஆளைத் தள்ளியது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. அந்த வறட்சியில் செடி மெதுவாகத்தான் துளிர்க்கும், கொழுந்தில் மணம் சேரும். ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் வரும் ஊவாத் தேயிலையில் ஒரு குளிர்ச்சி உண்டு, கற்பூரவள்ளியும் புதினாவும் தூரத்தில் நிற்பது போல. நுவரெலியாவில் குடித்தது வெளிறிய பொன் நிறம், மெல்லிய பூ மணம். இது சிவப்பு, நாக்கைப் பிடித்தது. இரண்டுமே ஒரே செடி! மேற்குப் பக்கத்து டிம்புலவுக்கும் நுவரெலியாவுக்கும் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை.

மனசு நொந்த இடம் ஒன்றும் உண்டு. ஒரு ஸ்டோரில் விளக்கம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே. தமிழில் கேட்டதற்கு, "இங்க தமிழ்ல கேட்க யாரும் வர்றதில்ல" என்று வழிகாட்டிய பையன் தமிழிலேயே சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, மேல் லயத்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில் வளர்ந்த, பிள்ளை அவன். ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் படங்குத் துணி கட்டிய பெண்கள் கொழுந்துக் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து போனால்தான் ஒரு கிலோ தூள் வரும். அவர்களில் ஒருவராவது அந்த மேசையில் உட்கார்ந்திருப்பாரா என்ற கேள்வி பண்டாரவளை வரும் வரைக்கும் எங்கள் இருவரையும் விடவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு நுவரெலியா பிஓபிஎப் ஒன்றும் ஊவா ஒன்றும் இரண்டு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். எதையும் சொல்லவில்லை. ஊவாவை உறிஞ்சிவிட்டு, "இது காத்துக் காலத்துக் கொழுந்து" என்றார். நண்பன் எழுந்து நின்றுவிட்டான். டீமேக்கர் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா கையாலேயே தெரிந்து வைத்திருந்தார், கேட்கத்தான் ஆள் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுக்காத தோட்டங்கள் அதிகம், அதனால் அன்றோ மறுநாளோ பல இடங்களில் இயந்திரம் ஓடாது. காலையிலேயே போங்கள், காரமான சாப்பாட்டுக்குப் பிறகு போனால் நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது. பாலும் சீனியும் இல்லாமல் கேளுங்கள். ஒரே ஸ்டோரின் இரண்டு மூன்று அளவுத் தூளைச் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தமிழிலேயே கேளுங்கள். வீட்டில் கொழுந்து எடுத்த அம்மா, ஆச்சி, அக்கா யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், மேசைக்கு முன்னால் உட்கார வையுங்கள். அடுத்த காத்துக் காலத்துக்கு எங்கள் அம்மாவோடு ஊவாவின் எல்ல என்ற ஊர்ப் பக்கம் போக நண்பன் இப்போதே வேன் பேசி வைத்திருக்கிறான்.