வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு: கட்டியவர்களும் குடியிருந்தவர்களும்

உறையூர் மருமகள்

மேஸ்திரி வந்ததும் நேரே கொல்லைக்குப் போவார் என்று பார்த்தால், வாசலிலேயே நின்று வீட்டோரச் சந்தின் அகலத்தை டேப் பிடித்து அளந்தார். மூன்றே கால் அடி. "லோடு எங்கம்மா இறக்குறது?" அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

எங்கள் மனை முகப்பு 22 அடி, நீளம் 120 அடி. பழைய தெரு, எல்லா வீடும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். முன்னால் நாங்கள் இருக்கும் வீடு. பின்னால் கிணறு, துவைக்கிற கல், இரண்டு தென்னை, மீதி இடமெல்லாம் குப்பைமேனி. மாமா காலமான பிறகு அத்தையால் மாடி ஏற முடியவில்லை. கீழே இருப்பது ஒரே படுக்கையறை, அதில் பிளஸ் டூ படிக்கிற பையன். கொல்லையில் 400 சதுர அடிக்கு ஹால், ஓர் அறை, சமையல்கட்டு, பாத்ரூம் என்று போட்டுவிட்டால் இன்றைக்கு அத்தைக்கு ஆகும், பின்னாளில் வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டோம்.

அத்தை ஒப்பவில்லை. "விளக்கேத்த வந்தவளக் கொல்லைக்குத் தள்ளுறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நாள் பேச்சையே நிறுத்திவிட்டார். காற்று வரும், படி ஏற வேண்டாம், கிணற்றடி பக்கத்திலேயே இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அடுப்பு தனியா?"

"தனிதான் அத்தை."

"கேஸ் புக்கு யார் பேர்ல?"

"உங்க பேர்லயே எடுத்துடலாம்."

"அப்ப மேஸ்திரிய வரச் சொல்லு."

ஒரே சமையல்கட்டில் இரண்டு பேர் என்பது எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி கட்டின கதை. சதுர அடிக்கு 2,400 ரூபாய் பேசினோம், தூக்குகூலி தனி. அந்தத் தூக்குகூலியை யாரும் லேசாக நினைக்காதீர்கள். எம்-சாண்ட், ஜல்லி, செங்கல், கம்பி எல்லாம் தெருவில்தான் இறங்கும். சாயங்காலத்துக்குள் உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் வண்டி எடுக்க முடியாது. ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி. அத்தனையும் சித்தாள்கள் தலையில், சட்டி சட்டியாக, மூன்றே கால் அடிச் சந்து வழியாக. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று மிஷினைத் தெருவில் நிறுத்தி, சந்து முழுக்க ஆள் நிற்க வைத்துக் கைமாற்றினார்கள். கலவை இறுகுவதற்குள் கொட்டியாக வேண்டும் என்பதால் டீ குடிக்கக்கூட ஒரே நேரத்தில் எல்லோரையும் விடவில்லை.

பாத்ரூம் கழிவுதான் நிஜமான சிக்கல். பாதாள சாக்கடை இணைப்பு தெருவில் இருக்கிறது. பின்வீட்டு டாய்லெட்டிலிருந்து அங்கே 90 அடி. நாலு அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும் என்றார் மேஸ்திரி. அப்படியென்றால் கிட்டத்தட்ட இரண்டு அடி இறக்கம். எங்கள் தெருவிலோ ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெரு ஏறி, கொல்லை பள்ளமாகிவிட்டது. செப்டிக் டேங்க் வைக்கலாம் என்றால் கிணறு பக்கத்தில். ஆக, பின்வீட்டின் பேஸ்மட்டத்தை உயர்த்தினால்தான் தண்ணீர் ஓடும். உயர்த்தினால் படி வரும். படி ஏற முடியாதவருக்காகத்தானே இந்த வீடே!

மேஸ்திரி ஒரு ராத்திரி யோசித்துவிட்டு வந்து, சந்தின் தரையையே வாசலிலிருந்து பின்னோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டார். குழாய் அதற்கு அடியில் போகிறது, நடுநடுவே மூடி போட்ட தொட்டி. 60 அடி நீளத்தில் இரண்டு அடி ஏற்றம் காலுக்குத் தெரியவே இல்லை. ஒரு படி கிடையாது. மழைத்தண்ணீரும் கொல்லையில் தேங்காமல் தெருப்பக்கம் ஓடிவிடுகிறது. இன்ஜினியர் போட்ட வரைபடத்தில் மூன்று படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சேலத்துக்காரன்

நான் கட்டினது வாடகைக்கு மட்டும். அக்கா சொன்ன தூக்குகூலி எனக்கும் உண்டு, அதைத் திரும்பச் சொல்லவில்லை. மின்சாரம் பற்றி மட்டும்.

முதலில் வீட்டு மீட்டரிலிருந்தே லைன் இழுத்து, பின்வீட்டுக்கு ஒரு சப்-மீட்டர் மாட்டலாம் என்று எலக்ட்ரீசியன் சொன்னார். செலவு குறைவுதான். ஆனால் இரண்டு வீட்டு ஓட்டமும் ஒரே கணக்கில் ஏறும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே (ஸ்லாப்) மாறிவிடுகிறது. குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவது என்ற பஞ்சாயத்து வேறு. தனி இணைப்பு வாங்கினால் 2016 முதல் வீட்டுக்கு வீடு கொடுக்கும் 100 யூனிட் இலவசம் அவர்களுக்கும் கிடைக்கும், பில்லும் அவர்களே கட்டிக்கொள்வார்கள்.

ஒரே வீட்டைத் தடுத்து இரண்டு மீட்டர் வாங்குகிறார்களா என்று மின்வாரியத்தில் பார்ப்பார்கள். தனி வாசல், தனி சமையல்கட்டு, தனி வயரிங் மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு கதவு வைத்து "எப்பவாவது திறந்துக்கலாம்" என்று ஆசைப்படாதீர்கள்.

ஸ்காபரோவிலிருந்து

இஞ்ச கனடாவிலயும் கதை சந்திலதான் தொடங்குது. ரொறன்ரோவில 2018இல இருந்து பின்னால ஒழுங்கை, அதாவது சின்னத் தெரு, உள்ள வீடுகளுக்கு மட்டும் பின்வளவில தனி வீடு கட்ட விட்டவை. ஒழுங்கை இல்லாத வளவுகளுக்கும் எண்டு நகரசபை முடிவெடுத்தது 2022 பெப்ரவரியில. கார்டன் ஸ்வீட் (garden suite) எண்டு சொல்லுவினம். நாங்கள் அந்த ரகம்.

அம்மாவும் அப்பாவும் எங்களோட பேஸ்மென்ற்றிலதான் இருந்தவை. ஸ்காபரோவில எங்கட ஆக்களின்ர அரைவாசிப் பேரின்ர தாய் தகப்பன் அங்கதான் இருக்கினம், ஆரும் வெளியில சொல்லுறேல்ல. அப்பா யாழ்ப்பாணத்தில விடிய எழும்பி முத்தத்தில கதிரை போட்டு இருந்த மனுசன். இஞ்ச அவருக்கு யன்னல் எண்டு ஒரு முழ உயரத்தில, அதுக்குள்ளால பாத்தால் அயலவற்ற கார் ரயர் தெரியும்.

அனுமதிக்குப் போனால் முதல் கேள்வி, தீயணைப்புக்காரர் எப்பிடிப் பின்னால போவினம்? தெருவில இருந்து பின்வீட்டு வாசல் 45 மீற்றருக்குள்ள இருக்கவேணும், பாதை ஒரு மீற்றர் அகலத்துக்குத் தடையில்லாமல் இருக்கவேணும். எங்கட சந்து அகலம் காணும், ஆனால் நடுவில ஏசியின்ர வெளிப்பெட்டி குந்திக்கொண்டு இருந்தது. அதைத் தூக்கி வீட்டின்ர பின்பக்கம் வைக்கவே ஒரு செலவு. பிறகு மரம். 30 சென்ரிமீற்றர் குறுக்களவுக்கு மேல போன மரத்துக்கு நகரசபையின்ர பாதுகாப்பு இருக்கு, அது அயலவற்ற வளவில நிண்டாலும் வேருக்குக் கிட்ட கிண்ட ஏலாது. அயலவற்ற மேப்பிளுக்காக எங்கட வரைபடம் ஒரு பக்கம் ஒதுங்கினது.

தண்ணிக்குழாயும் கழிவுக்குழாயும் முன்வீட்டில இருந்துதான் போகவேணும். மண் உறையிற நாடு, நாலடிக்குக் கீழ தாட்டால்தான் குழாய் தப்பும். சந்து முழுக்கக் கிடங்கு வெட்டி வைச்சிருந்த நேரம், ஒரு பலகைக்கு மேலாலதான் கடந்துபோனனாங்கள்.

மற்றது, ஒருத்தரும் முதல் கேக்காத கேள்வி. மாரியில சந்தில ஸ்நோ தள்ளுறது ஆர்? அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ராத்திரி கொட்டினால் விடிய நான் வேலைக்குப் போக முதல் தெருவரைக்கும் வெட்டி உப்புப் போடவேணும், இல்லாட்டி அவை ரெண்டு பேரும் அண்டைக்கு முழுக்க உள்ளுக்குத்தான். காசு இருக்கிற ஆக்கள் நடைபாதைக்குக் கீழ சூடாக்கிற வயர் போடுகினம். நான் என்ர முதுகைப் போட்டிருக்கிறன்.

அப்பாவுக்கு இப்ப கிழக்குப் பக்கம் பெரிய யன்னல். அவையின்ர காலத்துக்குப் பிறகு கம்பஸ் பிள்ளையளுக்கு வாடகைக்கு விடலாம். ஆனால் பின்வீட்டை மட்டும் பிரிச்சு உறுதி (பத்திரம்) எழுதி விக்க ஏலாது, அதை நினைச்சுக் கடன் எடுக்கிற ஆக்கள் கவனம்.

நங்கநல்லூர் பின்போர்ஷன்

எல்லோரும் கட்டினவர்களாகவே பேசுகிறீர்கள். குடியிருந்தவன் நான்.

வீடு நல்ல வீடு, வாடகை நியாயம், வீட்டுக்காரரும் நல்லவர். ஆனால் மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். அவர்கள் ஊருக்குப் போனால் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. தலையில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு, முன்வீட்டுக் கதவைத் தட்டி "மாமி, கொஞ்சம் மோட்டார்" என்று கேட்ட அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

சாப்பாடு கொண்டுவரும் பையன் முன்வீட்டு மணியைத்தான் அடிப்பான். கூரியர் அங்கேதான் போகும். என் நண்பர்கள் யார், எத்தனை மணிக்கு வந்தார்கள், கையில் என்ன பை என்பதெல்லாம் மாமிக்கு அத்துப்படி. சந்து அவர்கள் சமையல்கட்டு ஜன்னலை ஒட்டிப் போகிறது, அவர் வேண்டுமென்று பார்க்கவில்லை, பாவம். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒரு மங்கல் கண்ணாடி போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது என்று சொன்னேன். "அப்ப உடன்படுங்கோ" என்றார். ஆறு மாத அட்வான்ஸில் பேரம் முடிந்தது.

வாடகைக்கு விடக் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தனி கேட், அதில் ஒரு மணி, ஒரு தபால் பெட்டி, இரண்டு வண்டி நிற்க இடம், மோட்டார் சுவிட்ச் வெளியே. டைல்ஸ் என்ன நிறம் என்பது அதற்கப்புறம்.

தஞ்சாவூர்

கொஞ்சம் கசப்பான சமாச்சாரம், ஆனால் யாராவது சொல்ல வேண்டும். மனை யார் பேரில்?

என் மச்சான் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் அவன் அப்பாவின் கொல்லையில் ஒரு வீடு கட்டினான். நிலம் அப்பா பேரில். "நாளைக்கு எல்லாம் உனக்குத்தானே" என்ற வாய்வார்த்தையைத் தவிரக் காகிதம் எதுவும் இல்லை. மாமனார் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். மனை சுயார்ஜிதம், அதாவது அவரே சம்பாதித்து வாங்கியது, அதனால் மாமியார், மச்சான், என் மனைவி, கொழுந்தியாள் நாலு பேருக்கும் சமபங்கு. நிலத்தோடு கட்டடமும் கணக்கில் வந்துவிட்டது. கட்டினது என் காசு என்று மச்சான் வங்கிப் பாஸ்புக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறான். என் மனைவி விட்டுக்கொடுத்தாள், கொழுந்தியாள் வீட்டில் ஒப்பவில்லை. இரண்டு வருஷமாகப் பொங்கலுக்குப் போக்குவரத்து இல்லை.

கட்டுவதற்கு முன்பே அந்தப் பகுதியை அளந்து, வழிபாத்தியத்தோடு (சந்து வழியே போய்வரும் உரிமை) சேர்த்து மகன் பேருக்கு செட்டில்மெண்ட் பத்திரம், அதாவது உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுக்கும் பத்திரம், போட்டிருக்கலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை மதிப்பில் ஒரு சதவீதம்தான், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் ஏற்றின பிறகும் இவ்வளவுதான். எழுதிக்கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்காவிட்டால் என்ன செய்வது என்று பெரியவர்களுக்குப் பயம் இருக்கும், நியாயம்தான். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அதை ரத்துசெய்யக் கேட்க வழி இருக்கிறது.

வழிபாத்தியம் என்று எழுதினேன் பாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள். பின்மனை ஒருவர் பேருக்குப் போய், சந்து முன்வீட்டுக்காரர் பேரில் நின்றால் அடுத்த தலைமுறையில் சந்துக்குப் பூட்டு விழும்.

கட்டட வரைபடம் போடுபவன்

உறையூர் அக்கா, மூன்று படி போட்ட இன்ஜினியர் நான் இல்லை.

அனுமதி பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்தார்கள், பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் (விதிப்படி கட்டுகிறேன் என்று விண்ணப்பிப்பவரே சான்று கொடுப்பது) 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம். சின்ன வீடுதானே, இதில் போய்விடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பது மனையின் அளவை. அக்கா சொன்ன 22க்கு 120 மனை 2,640 சதுர அடி. அதில் 400 சதுர அடிதான் கட்டப்போகிறீர்கள் என்றாலும் இந்தத் திட்டத்தில் சேராது, வழக்கமான அனுமதிதான்.

எந்த வழியில் போனாலும் ஏற்கெனவே நிற்கிற வீட்டையும் வரைபடத்தில் காட்டியாக வேண்டும். அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். தாத்தா கட்டின வீட்டுக்கு அனுமதி நகல் இருக்காது, அல்லது அனுமதியில் இல்லாத மாடி ஒன்று மேலே நிற்கும். வங்கிக் கடனுக்கும் அதே வரைபடம்தான் போகும் என்பதால் மறைத்துப் பிரயோசனம் இல்லை. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம், கொல்லையில் கிணறு இருந்தால் கூரைத் தண்ணீரை வடிகட்டி அதிலேயே விட்டுவிடலாம், தனிக் குழி வெட்ட வேண்டியதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் பத்திரத்தை மட்டும் கொண்டுவருகிறார்கள். பழைய பத்திரத்தில் "மேற்படி மனை கீழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி" என்று அடிக்கணக்கு இருக்கும், தரையில் அளந்தால் ஓர் அடி குறையும், அந்த ஓர் அடியும் சரியாகச் சந்தில்தான் குறையும். வரும்போது பட்டா, புல எல்லை வரைபடம், பழைய அனுமதி இருந்தால் அதன் நகல், வீட்டு வரி ரசீது, நாலு மூலையையும் சந்தையும் நீங்களே டேப் பிடித்து அளந்த அளவு, இவ்வளவையும் கொண்டுவாருங்கள்.