ஃப்ளூ போய் மூன்று வாரம், ஸ்பைரோமெட்ரியில் அளவு குறைவு: நுரையீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
தம்பிக்கு வயது 24. புகைப் பழக்கம் இல்லை, காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி செய்கிறான். ஃப்ளூ காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகியும் வறட்டு இருமல் நிற்கவில்லை. மேடு ஏறினால் நெஞ்சு இறுகுகிறது. ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதி அளக்கும் பரிசோதனை) எடுத்ததில், எஃப்இவி1 (முதல் விநாடியில் ஊதும் காற்று) எதிர்பார்க்கும் அளவில் 78 சதவீதம், விகிதம் (ஊதிய மொத்தக் காற்றில் அதன் பங்கு) 0.68. இது நிரந்தரமா? எப்போது ஓடலாம்?

பதில் 1:
இந்த ஒரு தாளை வைத்து நிரந்தரம் என்று சொல்லவே முடியாது அக்கா. வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிடும். அடியிலுள்ள நரம்பு முனைகள் வெளியே தெரிவதால், குளிர்காற்று பட்டாலே குழாய் சுருங்கும். தோல் மறுபடி வளர்ந்தாலும் அந்தக் கூச்சம் ஆறு வாரம் வரைகூட நீடிக்கும்.

ஆனாலும் 24 வயதில் விகிதம் 0.8க்கு மேல் இருப்பதுதான் வழக்கம், 0.68 என்பதை அலட்சியமாக விட வேண்டாம். முதலில் தாளைப் பாருங்கள்: மூன்று நல்ல ஊதல்கள் உண்டா, சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்கிறதா? முதல் விநாடியில் இருமியிருந்தால் எஃப்இவி1 செல்லாது. அடுத்து, சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் பம்ப் மருந்து) கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்களா? 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு பஃப், ஸ்பேசர் (பம்பில் மாட்டும் குழாய்) வழியாக ஒவ்வொன்றாக. 15 நிமிடம் கழித்து ஊத வேண்டும். எஃப்இவி1 12 சதவீதமும் 200 மில்லியும் சேர்ந்து கூடினால், அதுவரை தெரியாமல் இருந்த ஆஸ்துமாவை ஃப்ளூ கிளப்பிவிட்டிருக்கலாம்.

பதில் 2:
நம் ஊரில் இரண்டு வாரம் தாண்டிய இருமலை "ஃப்ளூவின் மிச்சம்" என்று விடவே கூடாது. அரசு கிளினிக்கில் சளியைக் கொடுத்து காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். ஸ்பைரோமெட்ரியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்; பலமாக ஊதும்போது கிருமி அறை முழுக்கப் பரவும்.

ஓட்டம் இப்போது வேண்டாம். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் இதயத்தசை அழற்சியா என்று ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் ஓடவே கூடாது. பம்ப் அடித்துவிட்டுப் போட்டிக்குப் போவதும் தவறு.

பதில் 3:
வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டர் (ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) வைத்து, இரண்டு வாரம் காலையும் மாலையும், மருந்துக்கு முன், நின்றபடி மூன்று தடவை ஊதி, அதிகமானதை எழுதுங்கள். கன்னத்தை உப்பித் துப்புவதுபோல் ஊதினால் பொய்க் கணக்கு வரும். காலை-மாலை வித்தியாசம் சராசரியாக 10 சதவீதம் தாண்டினால் ஆஸ்துமாவைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
பம்ப் கொடுத்தபின் எடுத்த அளவு தாளில் இல்லை. சளிப் பரிசோதனை முதலில். மறு ஸ்பைரோமெட்ரி எப்போது அண்ணா?

பதில் 1:
காய்ச்சல் விட்டு ஆறு வாரம் ஆகட்டும். அன்றைக்கு நான்கு மணி நேரம் முன்பே சால்பியூட்டமாலை நிறுத்திவிடச் சொல்லுங்கள். குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். நடுவில் மூச்சு மோசமானால் காத்திருக்க வேண்டாம்.