பாட்டி புடவையில் கத்திரி வைத்த கதை

பாட்டியின் கல்யாணப் புடவையை வெட்டியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டால் முதலில் கை தூக்க வேண்டியவள் நான்தான், அதுவும் பிழைப்பே அது. பெங்களூரு பீன்யாவில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருஷம் பேட்டர்ன் வெட்டினேன். அலுத்துப்போய் மல்லேஸ்வரத்தில் வீட்டு மாடியில் பிளவுஸ் தைக்க உட்கார்ந்தேன்.

முதல் பலி அம்மாவின் அரக்குக் காஞ்சிபுரம். கவுனாகத் தைக்கலாமென்று மெஷினில் ஓட்டினால், மடிப்பு விழுந்த கோடெல்லாம் அப்பளமாக நொறுங்குகிறது. முப்பது வருஷம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு வேறு என்ன செய்யும்? போதாததற்குப் பக்கத்திலேயே பாச்சை உருண்டை, சரிகை கறுத்திருந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போதெல்லாம் புடவை வந்தால் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இற்ற இடத்தையெல்லாம் நூலால் அடையாளம் பண்ணிவிட்டுத்தான் பேச்சே. பின்பக்கம் மெல்லிய மல் துணி கொடுத்துக் கையால் தைப்பேன். கோர்வைக் கரையைப் பிரிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். உடலும் கரையும் தனித்தனி ஊடையில், அதாவது தனித்தனிக் குறுக்கு நூலில் நெய்து, சேருமிடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தது அது; சேருமிடத்திலேயே வெட்டினால் எல்லாம் பிரிந்து வந்துவிடும், உடல் பக்கம் அரை அங்குலமாவது விட வேண்டும். இதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை, அம்மா புடவையில் மிச்சமிருந்ததை வெட்டி வெட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் அல்சூரிலிருந்து ஒரு பெண் பாட்டியையும் அழைத்துக்கொண்டு வந்தாள். 1964இல் கட்டிய ஒன்பது கஜம். பேத்திக்கு ரிசப்ஷனுக்கு லெஹங்கா வேண்டும், அதில் போன் வைக்கப் பாக்கெட்டும் வேண்டும். ஒன்பது கஜம் என்றால் எட்டு மீட்டருக்கு மேல், துணிக்குப் பஞ்சமே இல்லை. பாட்டிதான் பையை மடியை விட்டு இறக்கவில்லை. "சிக்பேட்டையில ஒருத்தன் சரிகையை உருக்கிக் காசு தரேன்னான், அவனுக்கே கொடுக்கல. நீ கத்திரி வைக்கப் போறியா?"

கரையிலிருந்து ஒரு இழையை உருவிக் காட்டினேன். மேலே தங்க முலாம், அதற்கடியில் வெள்ளி, நடுவில் சிவப்புப் பட்டு நூல். இப்போது வருகிறதில் பாதி பாலியெஸ்டர் நூலில் சுற்றியது பாட்டி, உங்களுடையதை உருக்க விடலாமா என்றேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சரி என்று சொல்லவில்லை, ஆனால் பை மேஜைக்கு வந்தது.

புடவையின் ஒரு மூலையில் கல்யாணத்தன்று தடவிய மஞ்சள் கறை அப்படியே இருந்தது. டிரை கிளீனில் போகுமா அக்கா என்று கேட்டாள் பேத்தி. போகிறதோ இல்லையோ, எனக்கு அதை அனுப்ப மனசு வரவில்லை. அந்த மூலையை மட்டும் எடுத்து பாக்கெட்டின் உள்துணியாக்கிவிட்டேன். முந்தியில் கத்திரி படவேயில்லை, முழுசாகத் துப்பட்டா ஆனது.

டெலிவரி அன்று பேத்தி கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள். பாட்டி பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மிச்சத் துணி எங்க?" துண்டு துண்டாக எண்ணிப் பார்த்து, அதே பையில் போட்டுக்கொண்டுதான் ஆட்டோ ஏறினார்.