ஓடி நின்ற பிறகு வரும் இழுப்பு: சேலம் பக்கத்து விளையாட்டுக்காரர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தடகளப் பயிற்சியாளர், அஸ்தம்பட்டி

பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுத்தூர, நெடுந்தூர ஓட்டம் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருபவர்களில் ஒன்றிரண்டு பேரிடம் இதைப் பார்க்கிறேன். 100, 200 மீட்டரில் எந்தக் குறையும் இருக்காது. 1500, 3000 என்று தூரம் கூடினால் ஓடி முடித்து நின்ற பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். மற்ற பிள்ளைகள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். இவர்களுக்கு அப்போதுதான் இருமல் ஏறும், நெஞ்சு இறுகும், மூச்சை வெளியே விடும்போது விசில் மாதிரி சத்தம் வரும்.

மைதானத்தில் இதற்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் "ஸ்டாமினா பத்தல". இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடச் சொல்வதுதான் வைத்தியம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஓடும், அடுத்த மாதம் மைதானத்துக்கே வராது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

நேரத்தைக் கவனியுங்கள். ஸ்டாமினா குறைவு என்றால் நின்றதும் மூச்சு தணிய வேண்டும். இது நின்ற பிறகு ஐந்து, பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாகவே இறங்கியும் விடுகிறது. அதனால்தான் சாயங்காலம் டாக்டரிடம் போய் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. "ஒன்னும் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ அது வேறு கதை. முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. விசில் சத்தமே இல்லாமல் சும்மா களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் என்றால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. நான் கேட்பது அந்த விசில் சத்தம் பற்றி. உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இருந்தால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இப்போது எப்படி ஓடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஓட்டக்காரப் பெண்ணின் அம்மா, கன்னங்குறிச்சி

சார், நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மகளைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. 1500 மீட்டர் ஓடுகிறாள். வட்டார அளவில் நன்றாக ஓடினாலும் அன்றைக்கு ராத்திரி முழுக்க இருமுவாள். வீட்டில் சளி என்றே நினைத்தோம். கற்பூரவள்ளிக் கஷாயம், தூதுவளை ரசம் எல்லாம் கொடுத்தோம்.

நெஞ்சக நோய் டாக்டர் ஒருவர்தான் சரியாகக் கேள்வி கேட்டார். "இருமல் ஓடும்போதா, நின்ன பிறகா?" உட்கார வைத்து, மூச்சை அளக்கும் கருவியில் ஊதச் சொன்னபோது எல்லாமே சரியாக இருந்தது. அதோடு அவர் விடவில்லை. டிரெட்மில்லில் ஆறேழு நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி ஓடவிட்டு, அதன் பிறகு சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஊதச் சொன்னார். ஒரு நொடியில் வெளியே ஊதும் காற்றின் அளவு ஓடுவதற்கு முன் இருந்ததைவிட 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தமாம். என் மகளுக்கு அதைவிட நிறையவே இறங்கியது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சும்மா இருக்கும்போது மூக்கு வழியாக மூச்சு விடுகிறோம். மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது வாய் வழியாகக் காற்று கொட்டோ கொட்டென்று போகிறது. மூச்சுக்குழாயின் உள்பக்க ஈரத்தை அந்தக் காற்று உறிஞ்சி எடுத்துவிடுகிறது. அப்படிக் காயும்போது அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை வெளியே விடுகின்றன, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இது வரும். வேறு எந்த நேரத்திலும் ஆஸ்துமா அறிகுறியே இல்லாத விளையாட்டு வீரர்களுக்கும் வருமாம்.

மருந்தாக இன்ஹேலர், அதாவது பம்ப், கொடுத்தார். அதைவிடக் கஷ்டமாக இருந்தது சொந்தக்காரர்களின் பேச்சுதான். "பம்ப் வச்சா பழகிடும்", "வயசுப் புள்ள, நாளைக்குப் பொண்ணு பாக்க வந்தா என்ன சொல்லுவ?" என் நாத்தனார் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் டாக்டரிடமே கேட்டேன். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் கணக்கு, நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது, மாத்திரையாகக் கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு மருந்து உடம்பு முழுக்கப் போகும் என்றார். பழகிப்போகும் மருந்து இல்லை, மூச்சுக்குழாய்க்குத் தேவை இருக்கும் வரை எடுக்க வேண்டிய மருந்து என்றும் சொன்னார்.

இப்போது ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாய்) வைத்து பம்ப் அடிக்கிறாள். தினமும் காலை, மாலை வேறு ஒரு இன்ஹேலர், அது உள்ளே இருக்கும் அழற்சியைக் குறைப்பதற்கு. உடனே ஆறுதல் தரும் பம்பை மட்டுமே தினமும் நம்பி இருந்தால் போகப் போக அது வேலை செய்வது குறையும் என்பதை டாக்டர் அழுத்திச் சொன்னார். இதை எல்லா அம்மாக்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஸ்டேட் பக்கத்துப் பையன், ஏற்காடு

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், கால்பந்து ஆடுகிறேன். எனக்கு வருவது மார்கழி, தையில்தான். விடிகாலை ஆறு மணிக்கு ஏரி ரோட்டில் ஓட ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் நெஞ்சு அடைக்கும். அதே தூரத்தை வெயில் ஏறிய பிறகு ஓடினால் ஒன்றும் செய்யாது.

கீழே இருந்து வருகிறவர்கள் "நல்ல காத்துடா, உனக்கெல்லாம் எப்படி வீசிங்?" என்பார்கள். காற்று சுத்தம்தான், ஆனால் குளிர். பனி மூட்டத்தைப் பார்த்தால் ஈரக் காற்று மாதிரிதான் தெரியும். ஆனால் 12 டிகிரி குளிர்க் காற்று தாங்கக்கூடிய ஈரமே ரொம்பக் கம்மி. அது நெஞ்சுக்குள் போய் 37 டிகிரிக்குச் சூடாகும்போது உடம்புக்குத் தேவையான ஈரத்தில் கால் பங்குதான் அதில் இருக்கும். மீதியை நம் மூச்சுக்குழாய்தான் கொடுக்க வேண்டும். இது தெரிந்த பிறகுதான் எனக்கு ஏன் மார்கழியில் மட்டும் என்று விளங்கியது.

இன்னொன்று. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் கீழே இருந்து வந்து முதல் நாளே வேகமாக ஓடுபவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்குவது இயல்பு. அதையும் இழுப்பையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் சைக்கிளில் ஏறி வருகிற அண்ணன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீசிங் இருந்தால் பம்ப் பாக்கெட்டில் இருக்கட்டும், தனியாக வராதீர்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஆள் நடமாட்டம் குறைவு, சில இடத்தில் போன் சிக்னலும் நம்ப முடியாது.

நான் செய்வது: குளிர் நாளில் மூக்கையும் வாயையும் மூடி மெல்லிய துணி கட்டிக்கொள்வேன். விட்ட மூச்சின் சூடும் ஈரமும் துணியில் நிற்கும், உள்ளே போகும் காற்று கொஞ்சம் பதமாகும். அப்புறம் எடுத்த எடுப்பில் ஓட மாட்டேன். பத்துப் பதினைந்து நிமிடம், நடுநடுவே சின்னச் சின்ன ஸ்பிரிண்ட் வைத்து வார்ம்-அப். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இழுப்பு வருவது குறைகிறது. எல்லாருக்கும் இப்படிப் பலிக்காது, பாதிப் பேருக்குத்தான் என்றார் டாக்டர். எனக்குப் பலிக்கிறது.

கபடி ஆட்டக்காரர், கொண்டலாம்பட்டி

ரைடு 30 வினாடி, அப்புறம் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அதனால் எனக்கு ஆட்டத்தில் பெரிதாக வந்தது இல்லை. பயிற்சியில் நீளமாக ஓடச் சொன்னால்தான் வரும். விட்டு விட்டு ஆடும் ஆட்டத்தில் இது கம்மி என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் தறி ஓடுகிறது. பஞ்சுத் தூசியில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு நேராகக் களத்துக்குப் போகும் நாளில் நிச்சயம் இழுக்கும். தறிப் பட்டறை, வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை என்று வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிற பசங்க நம்ம ஊரில் நிறைய. டாக்டரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனை, ஃபேர்லேண்ட்ஸ்

என் அனுபவம் கொஞ்சம் வேறு. எனக்கும் ஆஸ்துமா என்றுதான் பம்ப் கொடுத்தார்கள். ரொம்ப நாள் அடித்தும் ஒரு மாற்றமும் இல்லை. அதிகமாக அடித்தால் கை நடுங்கியது, அவ்வளவுதான்.

பிறகு பார்த்த டாக்டர், மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தமா, வெளியே விடும்போதா என்று கேட்டார். எனக்கு உள்ளே இழுக்கும்போதுதான். அடைப்பும் நெஞ்சில் இல்லை, தொண்டையில். ஆட்டம் உச்ச வேகத்தில் இருக்கும்போது வரும், வெளியே வந்து உட்கார்ந்தால் சில நிமிடத்தில் போய்விடும். இது குரல்வளை பிரச்சினை. மூச்சை இழுக்கும்போது விரிய வேண்டிய குரல்வளை சுருங்கிக்கொள்கிறது. மூக்கு வழியாகக் குழாய் கேமரா விட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். இதற்கு மூச்சுப் பயிற்சிதான் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி நிபுணர் சொல்லிக் கொடுத்தார். வயிற்றிலிருந்து மூச்சு எடுப்பது, உதட்டைக் குவித்து விடுவது என்று தினமும் செய்கிறேன். இப்போது முழு ஆட்டமும் ஆடுகிறேன்.

பம்ப் சரியான முறையில் அடித்தும் துளியும் கேட்கவில்லை என்றால் டோஸைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நோயே வேறாக இருக்கலாம்.

மாநில அளவு நடைப்போட்டி வீரர், சூரமங்கலம்

யாரும் தொடாத ஒரு விஷயம், ஊக்கமருந்துச் சோதனை. மாநிலம், தேசியம் என்று போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

உடனே ஆறுதல் தரும் பம்பில் பொதுவாக இருக்கும் மருந்து சால்பியூட்டமால். இன்ஹேலராக எடுத்தால் அதற்குத் தடை இல்லை, அளவுதான் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. நம் ஊரில் கிடைக்கும் சாதாரண பம்பில் ஒரு அடி 100 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே சால்பியூட்டமாலை மாத்திரையாகவோ சிரப்பாகவோ எடுத்தால் தடை.

இதில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். மெடிக்கலில் போய் "இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க" என்றால் கொடுக்கும் பாட்டிலில் பல நேரம் டெர்பியூட்டலின் என்ற, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இருக்கும். அது எந்த வடிவத்திலும் எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்ட மருந்து, முன் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. பாட்டிலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் ஒரு மூடிகூட குடிக்காதீர்கள். அழற்சியைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையும் போட்டிக் காலத்தில் கூடாது. இன்ஹேலர் ஸ்டீராய்டு பரவாயில்லை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ரிக் டிமாண்ட் என்ற 16 வயது அமெரிக்கப் பையன் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினான். ஆஸ்துமாவுக்கு அவன் சாப்பிட்ட மருந்தில் எபிட்ரின் என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. மருத்துவப் படிவத்தில் அதை அவன் எழுதியே கொடுத்திருந்தான், அதிகாரிகள் மேலே தெரிவிக்கவில்லை. பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்துப் படித்தாலும் மனசு கொதிக்கிறது. எழுதிக் கொடுத்தோம் என்று இருந்துவிடாதீர்கள், பயிற்சியாளரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

ஒரு அப்பா, ஆத்தூர்

பையன் எட்டாவது படிக்கிறான், நன்றாக ஓடுவான். போன மாதம் வீசிங் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா பயந்துபோய் விளையாட்டே வேண்டாம் என்கிறாள். விட்டுவிடுவதுதான் நல்லதா சார்?

தடகளப் பயிற்சியாளர், அஸ்தம்பட்டி

வேண்டாங்க, நிறுத்தாதீர்கள். சிகிச்சை சரியாக நடந்தால் ஓடலாம். ஓடுவது நல்லதும்கூட. பாலா ராட்கிளிஃப் என்ற இங்கிலாந்துப் பெண்ணுக்குப் பதினான்கு வயதில் ஆஸ்துமா கண்டுபிடித்தார்கள். அவர் 2003-ல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடினார். அந்த உலக சாதனையை 2019 வரைக்கும் எந்தப் பெண்ணாலும் உடைக்க முடியவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் 597 பேரைச் சோதித்ததில் 67 பேருக்கு இந்த இழுப்பு இருந்தது. அந்த 67 பேர் சேர்ந்து 41 பதக்கம் வாங்கினார்கள். இதை அவன் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் முதலில் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்: எந்த பம்ப் எப்போது, எத்தனை அடி, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தத் தாளின் ஒரு பிரதியைப் பள்ளி பி.டி. சாரிடம் கொடுங்கள். பம்ப் பையனின் பையிலேயே இருக்கட்டும், ஹெச்.எம். ரூம் பீரோவில் பூட்டி வைத்தால் எதற்கும் உதவாது. போகி அன்றைக்கும், சளி காய்ச்சல் இருக்கும்போதும் ஓட்டம் வேண்டாம்.

மைதானத்தில் வந்துவிட்டால் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள், சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். பம்பை ஸ்பேசரோடு கொடுங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, பம்ப் அடித்தும் குறையவில்லை என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு அப்பா, ஆத்தூர்

ரொம்ப நன்றி சார். ஸ்பேசர் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, வாயில் நேராக வைத்துத்தான் அடிக்கிறான். பாதி மருந்து நாக்கிலேயே நின்றுவிடுகிறது போல. கன்னங்குறிச்சி அக்கா, ஸ்பேசர் எல்லா மெடிக்கலிலும் கிடைக்குமா?

ஓட்டக்காரப் பெண்ணின் அம்மா, கன்னங்குறிச்சி

பெரிய மெடிக்கலில் கிடைக்கும் தம்பி, இல்லாவிட்டால் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். பையன் வயதைச் சொல்லிக் கேளுங்கள், சின்னக் குழந்தைக்கான மாஸ்க் வைத்தது அவனுக்குத் தேவைப்படாது. வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் அப்படியே காய விடுங்கள். துடைத்தால் உள்ளே மருந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலரும் கொடுத்திருந்தால், அதை எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.